வக்கீல் சாப்பிடவில்லை

...மூன்றுதான், காலையில் எண்ணியபோதும் மூன்று, இப்போது மணி மூன்றரை, இப்போதும் மூன்று புழுக்கைதான், கடுகை விடக் கொஞ்சம் பெரியவை, நன்றாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு இருநூறாவது போடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், தட்டில் வைத்த காய்ந்த புல் வைத்தபடியே இருக்கிறது, கொத்தமல்லி வாடிவிட்டது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன், அதுவும் வாடிக்கொண்டிருக்கிறது. வக்கீல் கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்துக்குக் கீழே மட்டும் வெள்ளைப் பட்டை, அதனால் வக்கீல், அவள் வைத்த பெயர், கூண்டோடு வாங்கி வந்த அன்றே வைத்துவிட்டாள், வக்கீல் சார், எங்க வீட்டுக்காரர் மேல ஒரு கேஸ் போடணும் என்று அதன் காதில் சொன்னாள், அது ஓடிப்போய் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, கேஸ்னு சொன்னதும் ஓடுற வக்கீலை இப்பதான் பார்க்கிறேன் என்றேன், சிரித்தாள்... எப்படிச் சிரித்தாள். தெரியவில்லை. சிரித்தாள் என்பது மட்டும் தெரிகிறது.

காலையில் மருத்துவரிடம் போனில் பேசினேன். ஆறு மணி வரைக்கும் இருப்பேன், அதுக்குள்ள ஒரு வாய் சாப்பிட்டாலும் பயமில்ல, சாப்பிடலைன்னா தூக்கிட்டு வாங்க, குடல் நின்னுடும், ஆனா... என்று இழுத்தார். ஆனா என்ன டாக்டர். இது ரொம்ப பயந்த ஜீவன் சார், போன தடவை பெட்டியில வந்ததுக்கே பாதி உயிர் போயிருந்துச்சு, இப்ப வயிறும் சரியில்ல, வழியிலயே நெஞ்சு நின்னாலும் நின்னுடும், முடிஞ்சவரைக்கும் வீட்லயே சாப்பிட வைங்க. எப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். போன தடவை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், நான் வண்டி ஓட்டினேன், இப்போது பெட்டியை எதில் வைப்பது.

நான் செய்யாதது என்ன. ஒன்பது நாள் காய்ச்சல், பத்தாம் நாள் அவள் இல்லை, அதற்கு நான்கு மாதம் ஆகிறது, அன்றிலிருந்து நான் அறைக்குள் போனாலே அது பின்னங்காலால் தரையை அடிக்கிறது, ஒரே அடி, டொப்பென்று, ஆபத்து என்று அர்த்தமாம், அதனால் காலிங் பெல்லின் பேட்டரியைக் கழற்றினேன், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன், டிவியைத் தொடுவதில்லை, இந்தப் புழுக்கத்திலும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நுனிக்காலில் நடக்கிறேன், சத்தம் குறையக் குறைய அது இன்னும் ஓங்கி அடிக்கிறது, நேற்று மத்தியானத்தோடு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது. ஆபீசில் எனக்கும் இதேதான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் நுழைந்ததும் எல்லோருடைய பேச்சும் தணிந்துவிடுகிறது, மேலாளர் பின்னால் மெதுவாக வந்து தோளில் கை வைத்து, சாப்பிட்டீங்களா என்கிறார், போன வாரம் அப்படி வந்தபோது துள்ளி விழுந்தேன், கையிலிருந்த கண்ணாடிக் குழாய் உடைந்தது, பரவாயில்ல பரவாயில்ல என்றார், அதையும் கிசுகிசுப்பாகவே சொன்னார்.

போன் நடுங்கியது, அதையும் சத்தமில்லாமல்தான் வைத்திருக்கிறேன். அவள் தங்கை. ஹாலுக்கு வந்து எடுத்தேன். மாமா, வக்கீல் என்ன பண்றாரு. சாப்பிடல. இன்னுமா, நீங்க ஏதாவது பயமுறுத்தினீங்களா. நானா, நான் மூச்சுகூட விடறதில்ல, சாக்ஸ் போட்டுக்கிட்டுதான் உள்ளயே போறேன். அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தாள், சாக்ஸா! மாமா, சத்தமில்லாம வர்றது யாரு, பூனை, அதுக்கு நீங்க அஞ்சரை அடி பூனை! சட்டென்று நிறுத்திக்கொண்டாள், சாரி மாமா. பரவாயில்ல. நிஜமாகவே பரவாயில்லை, என்னைப் பார்த்து ஒருவர் சிரித்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம். அக்கா எப்படி உள்ள வருவா, நினைச்சுப் பாருங்க, வாசல்லயே நான்தான் நான்தான்னு ஆரம்பிச்சுடுவா, வர்றது யாருன்னு அதுக்குத் தெரியணும்ல. அதுக்காகவா சொன்னா, என்றேன். பின்ன? அப்புறம் பேசறேன் என்று போனை வைத்தேன்.

நான்தான். தினமும் சாயந்திரம், சாவி திரும்பும், செருப்பு கழலும், நான்தான் என்று கொஞ்சம் நீட்டிச் சொல்வாள், நான் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமல், வேற யாரு வரப் போறாங்க என்பேன், தினமும், ஒரு நாள் தவறாமல், அது எனக்கான சொல் என்றும் இது அவளுக்கான பதில் என்றும்தான் நினைத்திருந்தேன்... முயலுக்கா. என்னைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் இருந்ததற்கா.

ஐந்தாக இருபது நிமிடம். சாக்ஸைக் கழற்றினேன், குதிகால் பதிய நடந்தேன், அறை வாசலில் நின்றேன், ஆளில்லாத அறையைப் பார்த்து எப்படிச் சொல்வது, யாரும் யாரு என்று கேட்கவில்லையே. நான்தான். உள்ளே அடி விழவில்லை. குனிந்து பார்த்தேன், முதுகோடு ஒட்டிக் கிடந்த காதுகளில் ஒன்று நிமிர்ந்து என் பக்கம் திரும்பியிருந்தது. நான்தான். இந்தத் தடவை தானாகவே நீண்டது, அவள் நீட்டும் இடத்தில். தரையில் உட்கார்ந்து கொத்தமல்லியை நீட்டினேன், மூக்கு ஆடத் தொடங்கியது, ஒரு எட்டு, நிறுத்தம், இன்னொரு எட்டு, காம்பின் நுனியைக் கடித்தது, மெல்லும் சத்தம், வீடு முழுக்க அந்தச் சத்தம்தான்.

வக்கீல் வருவதற்கு முன்னால் ஒரு வருடம் இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான், அப்போதும் நான்தான் என்று சொன்னாளா? சொல்லியிருந்தால் எனக்குத்தான். நினைவில் சாவிச் சத்தம் வருகிறது, செருப்பு கழலும் சத்தம் வருகிறது, பை நாற்காலியில் விழுவது கூடக் கேட்கிறது, நடுவில், அவள் குரல் வர வேண்டிய இடத்தில்... மறுபடி சாவியிலிருந்து தொடங்கினேன். சாவி, செருப்பு... மெல்லும் சத்தம் நின்றுவிட்டது, காது என் பக்கம் திரும்பிக் காத்திருக்கிறது, நான்தான், என்கிறேன், வேற யாரு வரப் போறாங்க.