வலது பக்கத்துச் சத்தம்

ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு டியுமெர்சியின் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வாங்கியதை அவன் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்திருந்தான். மாற்றிக் கொடுத்ததிலும் அதே கோளாறு. இடது பக்கம் பாடுகிறது, வலது பக்கம் செத்துக் கிடக்கிறது. மட்டோங்கேக் கடைத்தெருவில் இவனை விட்டால் எனக்குத் தெரிந்த கடைக்காரன் வேறு யாரும் இல்லை.

டியுமெர்சி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். காதை மூடுகிற கறுப்புப் பஞ்சில் மரவள்ளி மாவு அப்பியிருந்தது.

"அண்ணே, நீ இதைத் தலையில மாட்டுறியா, இல்ல இதுல மாவு சலிக்கிறியா?"

"மாவு பாட்டை மறிக்காது. வலது பக்கம் ஒண்ணுமே கேக்கல. ஒடஞ்சதா பாத்து எனக்குன்னு எடுத்து வைக்கிறியா?"

"உனக்குன்னு எடுத்து வைக்க நீ என்ன என் மாமனாரா?"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

நான் மசினாவில் மரவள்ளி அரைக்கிற மில்லில் வேலை செய்கிறேன். டீசல் எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம், அதுதான் என் இடம். காய்ந்த மரவள்ளியைக் கொட்டுவேன், மாவைப் பிடிப்பேன், மூட்டையைத் தைப்பேன். மாலையில் குளித்துவிட்டு கிட்டாரை எடுத்தாலும் காதுக்குள்ளும் நகக்கண்ணிலும் மாவு இருக்கும். எத்தனை கழுவினாலும் போகாது. பல வருஷமாகக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாசித்துக்கொண்டிருந்தவனை இலுங்கா தன் குழுவுக்குக் கூப்பிட்டார். ஆற்றுக்கு அக்கரை நாட்டில், கடற்கரைப் பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் மழைக்காலம் முழுக்க வாசிக்க அவருக்கு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. போனால் மில்லுக்குத் திரும்ப வேண்டியதில்லை. என் மனைவி பிலோண்டா இதைக் கேட்ட நாளிலிருந்து, அக்கரையில் மீன் என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் பாட்டில் மூன்று கிட்டார். ஒன்று தாளத்தோடு கீழே நடக்கும். ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே ஓடும், அது லோம்போட்டோவுடையது. இரண்டுக்கும் நடுவில் என்னுடையது. அதற்காகவே நான்காவது கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மெல்லிய கம்பியைப் போட்டிருப்பேன், கண்ணாடிச் சில்லு மாதிரி ஒலிக்க. பாட்டு மெதுவாகப் போகிறவரை சிரமம் இல்லை. பாடகர்கள் வாயை மூடி, ஜனங்கள் ஆட எழுந்திருக்கிற வேகமான பகுதி வந்தால்தான் எங்கள் சோதனை. மேலே ஓடுகிறவன் கூப்பிடுவான், நடுவில் இருக்கிறவன் உடனே பதில் சொல்ல வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் ஆடுகிறவளின் இடுப்பு தடுமாறிவிடும்.

நான் பிந்தினேன். முதல் ஒத்திகையிலும் பிந்தினேன், அடுத்ததிலும் பிந்தினேன்.

"கை நல்ல கைதான்டா லுசோலோ," என்றார் இலுங்கா. "ஆனா லோம்போட்டோ கூப்பிட்டா நீ பக்கத்து ஊர்லேர்ந்து நடந்து வர்ற. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. லிமெட்டேல ஒருத்தன் பெட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்."

வீட்டில் பழக என் வாசிப்பு இல்லாமல் ஒரு பதிவு செய்து போனில் அனுப்பினார். இடது காதுக்குத் தாளக் கிட்டார், வலது காதுக்கு லோம்போட்டோ, நடுவில் எனக்கு இடம் காலி. அதற்குத்தான் ஹெட்போன். எங்கள் வளவில் ஆறு குடித்தனம். அடுத்த அறையில் இருப்பவர் ராத்திரிக் காவல்காரர், பகலில் தூங்குகிறவர். வீட்டுக்காரம்மா துடைப்பத்தோடு வந்து, "இன்னொரு தடவ அந்தக் கம்பி அழுதுச்சு, உன் மெத்தை ரோட்டுல கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டியுமெர்சி அலமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்தான். பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் வைக்கிற ஜோடி. ஒரு மூலையில் கீறல் இருந்தது. "ஹெட்போன் உனக்கு ராசியில்ல. இதைக் கேளு. இது பொய் சொல்லாது. வாசிச்சது எப்படியோ அப்படியே காட்டும்."

என் போனை அதில் செருகினான். லோம்போட்டோ வந்தான். அந்தப் பதிவில் அவனை நான் கேட்பது அதுதான் முதல் முறை. அவன் எங்கே வளைகிறான், எங்கே எனக்காக ஒரு விரல் இடம் விட்டு நிற்கிறான், எல்லாம் தெளிவாக இருந்தது.

"பாத்தியா!" என்று கத்தினேன். "பாட்டுல ஒரு குத்தமும் இல்ல. உன் ஹெட்போன்லதான் குத்தம்."

"அப்ப இதையே தூக்கிட்டுப் போ."

"தூக்கிட்டுப் போனா ஸ்பீக்கரும் நானும் சேந்து ரோட்டுலதான் கெடக்கணும்."

அவன் ஹெட்போனைத் துடைத்துத் தன் தலையில் மாட்டினான். கண்ணை மூடிக் கேட்டான். இடுப்பு லேசாக ஆடியது. கழற்றி, "ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு இடதை வலதாகவும் வலதை இடதாகவும் திருப்பி என் தலையில் அவனே மாட்டிவிட்டான்.

"இப்ப சொல்லு."

இடது காதில் லோம்போட்டோ துள்ளிக்கொண்டிருந்தான். தாளக் கிட்டாரைக் காணோம்.

"நான் சொல்லல?" என்றேன். ஜெயித்துவிட்ட மாதிரி மேசையைத் தட்டினேன். "எப்படித் திருப்பிப் போட்டாலும் வலது பக்கம் வேல செய்யல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் தலைக்குள் போனது. டியுமெர்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். என் இடது பக்கமாக வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, சாமான் நல்லா இருக்கு."

மில்லில் எஞ்சின் எனக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கை தானாக, எஞ்சின் பக்கத்து வலது காதுக்குப் போனது. விரலை விட்டுக் குடைந்தேன். மாவுதான் வந்தது.

அவன் என் போனை வாங்கி எதையோ அழுத்தி, இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாக்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, கிட்டாரை ஸ்பீக்கரில் செருகாமல் மெதுவாக மீட்டிப் பழகினேன். ஒரே கதவில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நுழைகிற மாதிரி இரண்டு கிட்டாரும் இடது காதில் வந்தன. ஆனாலும் லோம்போட்டோ வந்தான். அவன் கூப்பிட்டான், நான் பதில் சொன்னேன். விரல் பிந்தவில்லை. விரல் என்றைக்குமே பிந்தியிருக்கவில்லை. ஒத்திகையில் இலுங்கா என்னை நடுவில் நிறுத்தியிருந்தார், லோம்போட்டோ எனக்கு வலது பக்கம். அவன் கூப்பிட்டது சுவரில் மோதித் திரும்பி இடது காதுக்கு வந்த பிறகுதான் எனக்குக் கேட்டிருக்கிறது. கல்யாண வீடுகளில் நான் எப்போதும் வலது ஓரமாகத்தான் நிற்பேன். ஓரத்தில் நின்றால் காற்று வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மில்லில் இடது காதில் துணியைத் திணித்துக்கொண்டேன், இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று. எஞ்சின் சத்தம் அடியோடு போய் உள்ளங்காலில் மட்டும் அதிர்ந்தது. வாய்கள் அசைந்தன, ஒன்றும் வரவில்லை. ஒரு அம்மாள் என் முதுகில் ஓங்கி அடித்த பிறகுதான் பார்த்தேன், அவளுடைய மாவு மூட்டை நிரம்பித் தரையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி துணியை என் காதிலிருந்து பிடுங்கி, "தூங்கறதுன்னா வீட்டுல தூங்கு" என்றார். அதற்குப் பிறகு துணி வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிலோண்டா குழந்தை மெர்வெயை இடுப்பில் வைத்தபடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மெர்வெய் அப்பா, எத்தன தடவ கூப்புடறது? ஃபுஃபுக் களி ஆறிப்போச்சு."

"எந்தப் பக்கம் நின்னு கூப்புட்ட?"

"இந்தப் பக்கந்தான்," என்று வலது தோளைத் தொட்டாள். நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மெர்வெய் பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். நான் ஒரு பக்கம் படுத்தா பேசுவ. மறுபக்கம் படுத்தா மரக்கட்ட மாதிரி கெடப்ப. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுத்தான் கேட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ பதில் சொல்லல. அப்புறம் நானே எடத்த மாத்திப் படுத்துக்கிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லாத."

"சொல்லிட்டு? செவிட்டுக் கிட்டார்காரன் பொண்டாட்டின்னு பேரு வாங்கவா? தலைவருக்குத் தெரிஞ்சா லிமெட்டேக்காரன் அன்னிக்கே வந்து நிப்பான். தின்னு."

சனிக்கிழமை மில்லில் அரை நாள் விடுப்பு கேட்டு, மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஒத்திகை நடக்கிற பீர்க்கடை முற்றத்துக்குப் போய்விட்டேன். நாற்காலிகளை இன்னும் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள். லோம்போட்டோவின் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தேன். தாளக் கிட்டாரின் பெட்டியை இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். வயர்களைச் சுருட்டி ஒழுங்காகப் போட்டேன். பெருக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். சுமை தூக்குகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

லோம்போட்டோ கேட்டான். "என் பெட்டி ஏன் அங்க கெடக்கு? எவன் செஞ்சது?"

"இந்தப் பக்கம் வெயில் அடிக்குது," என்றேன்.

"வெயிலடிச்சா உருகிப்போக நான் என்ன வெண்ணெயா? பாடறவன் எனக்கு இந்தப் பக்கம் இருக்கணும். எடத்த மாத்தினா எனக்கு வராது."

இலுங்கா புகையிலையை மென்றபடி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "லுசோலோ, பழைய எடத்துல வையிடா" என்றார்.

தூக்கி வைத்தேன். தூக்கி வந்தபோது அது இவ்வளவு கனமாக இல்லை.

மெதுவான பகுதியை எல்லோரையும் போல ஜனங்கள் உட்காரும் பக்கம் பார்த்தே வாசித்தேன். டிரம்காரர் குச்சியைத் தட்டி வேகத்தைக் கூட்டப் போகிற நேரத்தில் உடம்பைத் திருப்பிக்கொண்டேன். காலி நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றேன். இப்போது லோம்போட்டோ என் இடது பக்கம். தாளக் கிட்டார் காணாமல் போனது, போகட்டும். டிரம் நேராக நெஞ்சில் அடித்தது, அதை வைத்துக்கொண்டு நடந்தேன்.

"என்னடா, கல்யாணப் பொண்ணா நீ?" இலுங்கா என் இடது பக்கம் வந்து கத்தினார். "ஜனங்களுக்கு முதுகையா காட்டப் போற? ஹோட்டல்காரன் முதுகுக்குக் காசு குடுக்க மாட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னிக்கு மட்டும், தலைவரே," என்றேன், கையை நிறுத்தாமல்.

லோம்போட்டோ கூப்பிட்டான். நான் பதில் சொன்னேன். அவன் இன்னும் உயரத்திலிருந்து, என்னைச் சோதிக்கிற மாதிரி, பாதியில் வெட்டிக் கூப்பிட்டான். அந்தப் பாதியிலேயே போய் நின்றேன். சுவரோரமாகப் பெருக்குகிறவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். நான் போட்டிருந்த அந்த மெல்லிய கம்பி சில்லுச் சில்லாகச் சிரித்தது. அதிலிருந்து மாவு புகை மாதிரி எழுந்தது. லோம்போட்டோ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இந்த ஜன்மத்தில் நான் அப்படி வாசித்ததில்லை.

பாட்டு முடிந்தது. சுவரைப் பார்த்தபடியே நின்றேன். திரும்பத் தைரியம் வரவில்லை. முன்னால் டிரம்காரர் குச்சிகளைக் காற்றில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார், என் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. லோம்போட்டோவும் பார்த்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பெருக்குகிறவளும் நின்றுவிட்டாள். அப்போதுதான் என் வலது தோளுக்குப் பின்னால் இலுங்காவின் புகையிலை வாடை அடித்தது. வலது காதில் சூடாக ஒரு மூச்சு பட்டது, நின்றது, மறுபடி பட்டது.