ஐந்தாம் எண்ணில் ஒரு சவரம்

அமுதவள்ளிக்குத் தாடையில் முடி முளைக்கத் தொடங்கியபோது வயது பத்தொன்பது. ஹார்மோன் கோளாறு என்றார் டாக்டர். அன்றிலிருந்து இருபது வருடமாக, கிள்ளான் வீட்டின் குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல்தான் மழித்துக்கொண்டு வந்தாள். போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவள், வீட்டில் மட்டும் திருடியைப் போல. அம்மா இராஜம்மாவின் உத்தரவு அது.

பிளாஸ்டிக் ரேசர் எதுவும் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாளே தாடையெல்லாம் கொப்புளம். ஒற்றை பிளேடு ரேசர் போட்டுப் பார்க்கச் சொன்னார் தோல் டாக்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய சாமான் கடையில் அப்படி ஒன்று கிடந்தது. கனமான உலோக ரேசர். அடிக்குமிழைத் திருகினால் தலைப்பகுதி இரட்டைக் கதவாகத் திறக்க வேண்டும்; கழுத்திலுள்ள எண் வளையத்தைத் திருப்பினால் பிளேடு கூடவோ குறையவோ வெளியே தெரிய வேண்டும். இரண்டும் இறுகிப் போயிருந்தன.

"அது ஆம்பளைங்க சாமான் லா, அக்கா. அப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான். பையில போடுங்க அண்ணே."

அவர் அவள் தாடையைப் பார்த்தார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். முதலில் திரும்பிக்கொண்டது அவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை, வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பைக் கரைத்து ரேசரை ஊறப்போட்டாள், சாப்பாட்டு மேசையில் வைத்தே. யாரோ முகம் தெரியாத ஒருவரின் பழைய சோப்பு, வெள்ளைச் சேறாகக் கரைந்து வந்தது. பல்தூரிகையால் தேய்த்தாள். கதவிடுக்கில் படிந்திருந்த பச்சைக் களிம்பைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்தாள். குமிழ் இளகிவிட்டது. வளையம் மட்டும் அசையவில்லை.

"பிளையர் போட்டுத் திருப்புக்கா," என்றாள் தங்கை சந்திரகலா.

"முலாம் உரிஞ்சு போயிடும். விடு, அதுவா வழிக்கு வரும்."

துரு இளக்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு வைத்தாள். சனிக்கிழமை மதியம் ரப்பர் கையுறை போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தாள். பத்து நிமிடம் முரண்டு பிடித்த வளையம் 'டிக்' என்று ஓர் எண் நகர்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஒன்பது வரை போய்த் திரும்பியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை ஐந்து மணிக்குச் சந்திரகலாவுக்குக் கல்யாணம் பேசி முடிக்கச் சுங்கை பூலோவிலிருந்து மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும் வருவதாக இருந்தது.

"நீ இன்னிக்கு ஓவர்டைம் போயிடேன்," என்றாள் இராஜம்மா.

"போகல. வீட்லதான் இருப்பேன்."

ரேசரை ஸ்பிரிட்டால் துடைத்துப் புது பிளேடு போட்டாள். வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று கூடத்துக் கண்ணாடி முன் நின்று, கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு நுரை பூசினாள். இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

"உள்ள ஓடுடீ!"

அமுதவள்ளியின் கால் ஒரு கணம் உள்ளே போகத்தான் துடித்தது. இருபது வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். முகத்து நுரையோடு கேட்டைத் திறந்தாள்.

"வாங்க ஆன்டி, வாங்க அங்கிள். நான் சந்திரகலாவோட அக்கா. உக்காருங்க, ரெண்டு நிமிஷம்."

மாப்பிள்ளையின் அத்தை சீதாலெட்சுமி நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தார். அமுதவள்ளி கண்ணாடிக்குத் திரும்பினாள். இரண்டாம் எண்ணில் முடி சரியாக எடுபடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் வளையத்தை ஐந்துக்குத் திருப்பினாள். சரசரவென்று இறங்கியது பிளேடு.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "இப்ப பொம்பளைங்களும் ஷேவிங் பண்ண ஆரம்பிச்சிட்டாங்களா?"

"ஆமா அங்கிள். உங்களுக்குத்தான் வலது கன்னத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. சந்திரகலா சிரித்துவிட்டாள். பின்னாலேயே சீதாலெட்சுமியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"ஹார்மோனாம்மா?" என்று கேட்டார் பிறகு.

"ஆமா ஆன்டி. இருபது வருஷமா."

"ம்," என்றவர், சந்திரகலாவின் வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை சம்மதம் சொல்லி போன் வந்தது. இராஜம்மாவுக்கு நிம்மதி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"நல்ல நேரம், தப்பிச்சோம். கல்யாணத்துக்கு முன்னாடி லேசர் பண்ணிக்க. போட்டோல நீயும் நிக்கணும்."

"நிப்பேன்மா. லேசர் வேணாம். அன்னிக்குக் காலையிலயும் மழிச்சிட்டுத்தான் வந்து நிப்பேன்."

"என் பேச்சைக் கேக்கவே மாட்டியா?"

"இதுல மாட்டேன்."

இரண்டு நாள் இராஜம்மா அவளோடு பேசவில்லை. அமுதவள்ளியும் இறங்கிப் போகவில்லை. அவள் தாடையில் இந்த முறை ஒரு கொப்புளம்கூட இல்லை.