நனையாத பட்டை

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். சிலிண்டர் பட்டை வாங்கக் கடைக்குப் போன அன்று காலையிலிருந்தே எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மறுநாள் மறுபடியும் கடலுக்குள் இறங்க வேண்டும். என் கணவர் போன பிறகு அதுதான் முதல் தடவை.

கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது எங்கள் பிழைப்பு. அவர், நான், அவருடைய தம்பி என்று மூன்று பேரும் இறங்குவோம். தம்பிக்கு வீட்டில் பெயர் வாத்து. காலில் நீந்துவதற்கான ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு படகில் அவன் நடக்கிற நடையைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவர் உயிர் போனது ஒரு பட்டையால். நாங்கள் முதுகில் மாட்டும் ஜாக்கெட்டோடு (தையல்காரர் தைப்பதல்ல, காற்றடைக்கிற பை) மூச்சுக்காற்று சிலிண்டரைச் சேர்த்துப் பிடித்திருப்பது மூன்று விரல் அகல நைலான் பட்டைதான். கப்பலுக்கடியில் இருந்தபோது அது தளர்ந்து, சிலிண்டர் நழுவி, வாயிலிருந்த காற்றுக் குழாயையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பட்டை பழசு என்றார்கள் எல்லோரும். நானும் அதையேதான் சொன்னேன். மாற்றித் தொலையுங்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேனே! “இன்னும் நல்லாத்தானே இருக்கு” என்பார். கஞ்சப் பிசினாறி. செத்தவரை இப்படித் திட்டலாமா என்று மாமியார் கேட்பார். திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அன்று கடைக்குக் கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன்தான். நீதாம்மா பாத்துக்கணும்.” சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாத்துவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கடை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. ரப்பர் வாசனை. சுவரெல்லாம் கொக்கிகளில் கண்ணாடி முகமூடிகள் தொங்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பட்டைகளை மேசையில் பரப்பினார்.

“இதைப் பாருங்கம்மா, எஃகு பக்கிள். யானையையே கட்டித் தூக்கலாம்.”

“யானை எதுக்குங்க கடலுக்குள்ள போவுது? பிளாஸ்டிக் பக்கிள எடுத்து அந்தப் பக்கம் வைங்க, வெயில்ல வெடிச்சிரும். உள்பக்கம் ரப்பர் ஒட்டினது இருந்தா காட்டுங்க. சிலிண்டர்ல வழுக்கக்கூடாது.”

ரப்பர் ஒட்டியது நன்றாக இருந்தது. தையலை நகத்தால் கீறிப் பார்த்தேன். பிரியவில்லை. அடுத்தது தண்ணீர். நைலான் நனைந்தால் கொஞ்சம் நீளும். உலர்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கடலில் இறங்கியதும் தளர்ந்துவிடும். அதனால் நனைத்துத்தான் கட்ட வேண்டும், அதுவும் ஒருவர் சிலிண்டரை இன்னொருவர்தான் கட்ட வேண்டும். என் கணவர் போட்ட சட்டம் அது. கேட்டதும் கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“வாத்து, நனைச்சு இந்த சிலிண்டர்ல கட்டிக் காட்டு” என்றேன்.

அவன் தயங்கினான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பட்டையை வாளிக்குள் அமுக்கினான். துணி துவைக்கிற மாதிரி கசக்கினான். வெளியே எடுத்தபோது அவன் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பட்டையிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தொட்டுப் பார்த்தேன். உறையிலிருந்து இப்போதுதான் எடுத்தது போலக் காய்ந்திருந்தது.

“புதுசும்மா, மேல ஏதாவது பூச்சு இருக்கும்” என்றார் கடைக்காரர். வேறொன்று கொடுத்தார். அதுவும் காய்ந்தே வெளியே வந்தது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வாடகைக்கு விடும் ஜாக்கெட் ஒன்றிலிருந்து, சாயம் போய், உப்புப் பூத்துக் கிடந்த பழைய பட்டையை உருவிக்கொண்டு வந்தார். “இது ஊறி ஊறி நைஞ்சது. இது நனையலன்னா நான் கடையை மூடிடறேன்.”

இந்தத் தடவை நான் குனிந்து வாளிக்குள்ளேயே பார்த்தேன். வாத்துவின் விரல்கள் நனைந்திருந்தன. பட்டையைச் சுற்றி மட்டும் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று வெள்ளியாக மின்னியது. தண்ணீர் அதைத் தொடாமல் ஒதுங்கி நின்றது. வெளியே எடுத்தான். உப்பு வெள்ளைகூடக் கரையவில்லை.

“பேருக்கேத்த வாத்துதாம்ப்பா நீ, தண்ணியே ஒட்டமாட்டேங்குது!” என்று கடைக்காரர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாததால் நிறுத்திக்கொண்டார்.

நான் அதைப் பிடுங்கி வாளியில் போட்டேன். போட்டதுமே தண்ணீரைக் குடித்துக் கறுத்துக் கனத்தது. எடுத்தால் சொட்டுச் சொட்டென்று வடிந்தது. வாத்துவைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“எப்பலேருந்து இப்படி?”

“அண்ணன் போனதுலேருந்து. எந்தப் பட்டையைத் தொட்டாலும் இப்படித்தான், அண்ணி.”

அன்று அவருக்குச் சிலிண்டர் கட்டியது இவன்தான்.

“அன்னைக்கு நனைச்சியா?”

கடைக்காரர் மெல்ல நழுவி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“வாத்து, உன்னத்தான் கேக்கறேன்.”

“போன் வந்துச்சு. பேசிக்கிட்டே கட்டிட்டேன். நனைச்சியாடான்னு அண்ணன் கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்.”

கையிலிருந்த ஈரப் பட்டையாலேயே அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் நகரவில்லை. இன்னும் அடிங்கள் என்பது போல நின்றான். அடிக்க அடிக்க ஆறாது என்று எனக்கே தெரிந்தது. தம்பி சொன்னதை நம்பி இறங்கிய மனுஷனை இத்தனை நாளும் கஞ்சன் கஞ்சன் என்று திட்டித் தீர்த்திருக்கிறேன்.

“நாளைக்கு நீ இறங்க வேணாம். வேற தொழில் பாத்துக்கோ” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தாலும் கேட்க மாட்டான். தனியாகவாவது போய் இறங்குவான், உலர்ந்த பட்டையோடு. சாவதற்காகவே போவான் என்று அவன் கண் சொன்னது. “திரும்பு. உனக்கு நானே கட்டறேன்” என்று பட்டையை மறுபடி வாளியில் முக்கினேன்.

இப்போது என் கையிலும் அது காய்ந்தே வந்தது. சற்றுமுன் சொட்டிக்கொண்டிருந்த அதே பட்டை. சுவரில் இருந்த முகமூடிகளின் உட்புறம் ஒவ்வொன்றாக மூச்சுப் படிந்து மங்கியது. தம்பியை அவர் விடுவதாக இல்லை. அவரை மட்டும் சொல்வானேன், என் மனசும்தான் இவன் சாகட்டும் என்று அந்த நொடியில் நினைத்தது.

“என்னங்க” என்றேன் வாளியைப் பார்த்து. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னேன். “உங்க அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். இவனையும் பொணமா நான் தூக்கிட்டுப் போய்க் காட்ட முடியாது. நான் விட்டுட்டேன். நீங்களும் விடுங்க. நம்ம வாத்துதானே.”

வாத்துவின் கையைப் பிடித்து இழுத்து, பட்டையைக் கொடுத்து, இருவர் கையையும் சேர்த்துத் தண்ணீருக்குள் வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குமிழிகள் எழுந்தன. ஆழத்தில் யாரோ மூச்சு விடுவது போல, விட்டுவிட்டு. பட்டை கனத்தது. வாத்து விம்மி விம்மி அழ ஆரம்பித்தான்.

கடைக்காரர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நான் அந்தப் பழைய பட்டையைப் பிழிந்து மேசையில் வைத்தேன்.

“இதையே எடுத்துக்கறேன்.”

“ஐயோ, இது பழசாச்சேம்மா. புதுசு எடுத்துக்குங்க.”

“இன்னும் நல்லாத்தானே இருக்கு” என்றேன். என் கணவர் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறேன் போல. வாத்து அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.