ஒரு நட்சத்திரம் வாங்கிய கடை

என் மனைவி கடைசியாக விமர்சனம் எழுதிய உணவகத்துக்குப் போகலாம் என்று மச்சான் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பான். அதைச் சொல்ல முடியாது. அதனால் சரி என்றேன்.

மச்சான் அவளுடைய அண்ணன். அதற்கு முன்னால் என் கல்லூரித் தோழன். கல்லூரியில் எல்லோரும் எல்லோரையும் மச்சான், மாப்ள என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அது பலித்துவிட்டது. அவள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் பதினாறாம் நாளோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவன் நிறுத்தவில்லை. சாப்பிட்டியா என்று என்னைக் கேட்க அவன் ஒருவன்தான் மிச்சம்.

கூட வந்தது நெட்டை, அதே கல்லூரிக் கூட்டாளி. நிலம் அளக்கும் வேலை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முழங்கால் மேசையில் இடிக்கும்.

மாதம் ஒரு முறை நாங்கள் நாலு பேரும் ஏதாவது ஒரு சின்ன உணவகத்தில் சாப்பிடுவது வழக்கமாக இருந்தது. பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஆறிப்போன நூடுல்ஸ், செருப்புத்தோல் மாதிரி கோழி. அந்த ஏமாற்றத்துக்காகவே போனோம் என்றுகூடச் சொல்லலாம். ஏனென்றால் மாலையில் அவள் அதைப் பற்றிக் கைப்பேசியில் எழுதுவாள், 'நாலு பேர் மேசை' என்ற பெயரில். அதைப் படித்துச் சிரிக்க ஒரு கூட்டமே இருந்தது. மேசையில் எங்களுக்குள் ஒரு விதி. முதல் வாய் சாப்பிட்டதும் அவள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது. சொன்னதும் நாங்கள் மூவரும் தலையாட்டுவோம். நாக்கை அவளிடம் ஒப்படைத்துவிட்டோம்.

போன வருடம் இந்தக் கடையில் அவள் காளான் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "சப்புன்னு இருக்கு," என்றாள். தலையாட்டினோம். அன்று மாலை எழுதினாள்: 'இந்தச் சூப்பில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஏதாவது ஒன்று இருந்திருக்கலாம். சுடுதண்ணீருக்கு ஒரு நல்ல கிண்ணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.' ஒரு நட்சத்திரம். ஊரே அதைப் பகிர்ந்தது.

மூன்று நாள் கழித்து வீட்டில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாக்கில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். "புளிக்கவே இல்ல," என்றாள். மூன்று வாரமாக அவள் சாப்பிட்ட மாத்திரை நாக்கை என்ன செய்யும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. மாத்திரை எதற்கு என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மச்சானின் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம். ரத்த அழுத்தம் ஏறிப் படுக்கையில் இருந்தாள். "குழந்தை பொறக்கட்டும். அண்ணன்கிட்ட அப்புறம் சொல்லலாம்," என்றாள் இவள். விமர்சனத்தையும் அப்போதே எடுத்துவிடுவதாகச் சொன்னாள். இப்போது எடுத்தால் ஏன் என்று அண்ணன் துருவுவான் என்றாள். அதற்குப் பிறகு எதையும் எடுக்கவோ வைக்கவோ நேரம் இருக்கவில்லை. குழந்தை பிறந்ததும் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டு மாதம் தள்ளிச் சொன்னோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவனுக்கு இன்னும் தெரியாது.

கடை மாறியிருந்தது. எட்டு மேசையில் எங்களுடையதில் மட்டும்தான் ஆள். போன முறை பரிமாறிய பெண்கள் இல்லை. கடைக்காரரே வந்து கேட்டார், அவரே உள்ளே போய்ச் சமைத்தார், அவரே கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மூணு காளான் சூப், ஒரு வறுத்த கோழி," என்று மச்சானே சொல்லிவிட்டான். எங்களைக் கேட்கவில்லை.

சூப் வந்தது. முதல் வாயிலேயே நெட்டை கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா?" என்றான் மச்சான்.

"கடல்ல முங்கி எந்திரிச்ச மாதிரி இருக்குடா."

உண்மைதான். உப்பு நாக்கை அறுத்தது. அதற்கு மேல் மிளகு. கோழி மீது மிளகாய்த்தூள் செங்கல் பொடி மாதிரி அப்பியிருந்தது. நெட்டை ஜக்கில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு அடுத்த மேசையிலிருந்ததையும் எடுத்தான்.

கடைக்காரர் ஒரு கையில் உப்பு டப்பாவோடு வந்தார். "உப்பு, காரம் எல்லாம் பத்துதுங்களா? இன்னும் கொஞ்சம் போடலாங்களா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"போதுங்க," என்றேன்.

"கூச்சப்படாம சொல்லுங்க. சப்புன்னு இருக்கக் கூடாது பாருங்க."

அவர் திரும்பியபோது சமையலறைக் கதவு திறந்தது. அடுப்புக்கு மேலே, கண் படுகிற உயரத்தில், எண்ணெய் தெறித்த ஒரு காகிதம். எழுத்துகளைப் பெரிதாக்கி அச்செடுத்து ஒட்டியிருந்தார். இங்கிருந்தே படிக்க முடிந்தது. சுடுதண்ணீருக்கு ஒரு நல்ல கிண்ணம்.

ஒரு வருடமாக இந்த மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே சமைக்கிறார்.

மச்சானும் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "டேய், பாத்தியா? என் தங்கச்சி எழுதுனதை ஒட்டி வச்சிருக்காருடா!" கைப்பேசியை எடுத்தான். அவளுடைய கணக்கு அவனிடம்தான் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன். "ஒட்டி வச்சும் திருந்தலையே மனுஷன். இன்னிக்கு நம்ம எழுதறோம். அவ விட்ட எடத்துலேர்ந்து."

"இப்ப எதுக்கு?" என்றேன்.

"எதுக்கா? அவ பேரு அப்படியே நின்னு போகணுமா?" கட்டைவிரல்கள் வேகமாக ஓடின. சத்தமாகப் படித்தான். "'போன வருடம் இவர்கள் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். இந்த வருடம் கடல் தண்ணீர். முன்னேற்றம்.' எப்படி? அவ மாதிரியே இருக்குல்ல?"

"இருக்கு," என்றான் நெட்டை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுடா, பாவம் கடையே காத்தாடுது," என்றான்.

"நீ தண்ணியக் குடி."

கடைக்காரர் மேசைக்கு அருகில் நின்றார். கேட்டுவிட்டார். "சார், நீங்க... அந்த நாலு பேரா?"

"அதை எழுதுனது என் தங்கச்சிங்க," என்றான் மச்சான். அதில் பெருமை இருந்தது.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். உப்பு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவங்களக் கூட்டிட்டு வாங்க சார்," என்றார். "ஒரு வாட்டி வந்து சாப்பிட்டுப் பாக்கட்டும். அவங்க சொன்ன மாதிரி எல்லாத்தையும் மாத்திட்டேன். அவங்க சரின்னு சொன்னா போதும்."

நெட்டை ஜக்கைக் கீழே வைத்தான்.

"அவ இல்லீங்க," என்றேன். "இறந்துட்டா."

"ஐயோ," என்றார்.

மச்சான் குனிந்து திரையைத் தட்டினான். எத்தனை நட்சத்திரம் என்று அது கேட்டது போலிருக்கிறது. "ஒண்ணு," என்று முணுமுணுத்தான். பதிவிட இன்னும் ஒரு தொடுகைதான் பாக்கி.

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடுடா."

"போடாத."

"கைய எடு மாப்ள. அவ இருந்தா இதைத்தான் எழுதியிருப்பா."

"அவ எழுதுனதே தப்புடா."

அவன் என்னைப் பார்த்தான். இதற்கு மேல் நிறுத்த முடியாது என்று தெரிந்தது.

"அன்னிக்கு அவ நாக்குல ருசியே இல்ல. மாத்திரை. அப்பவே மூணு வாரமா சாப்பிட்டுட்டு இருந்தா. சூப் என்ன, நெருப்பக் கொடுத்திருந்தாலும் சப்புன்னுதான் சொல்லியிருப்பா."

"என்ன மாத்திரை?"

"அந்த மாத்திரைதான்."

"அது... எங்கிட்ட சொன்னது பாப்பா பொறந்தப்புறம்தானே. நோயக் கண்டுபிடிச்சு ரெண்டு நாள்னு சொன்னீங்க."

"ரெண்டு மாசம்."

அவன் கையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கனத்தது. விட்டேன்.

"ரெண்டு மாசம்," என்றான். "வாரம் ரெண்டு வாட்டி உங்க வீட்டுக்கு வந்தேன்."

"ஆமா."

"என்னடி எலும்பா போற, அழகிப் போட்டிக்கா போறன்னு அவளைக் கிண்டல் பண்ணேன். நீ பக்கத்துல உக்காந்து சிரிச்ச."

"ஆமா."

அண்ணிக்குத் தெரிந்தால் ஆகாது என்று அவள் சொன்னதை இப்போது சொன்னால் பழியை அவள்மேல் போட்டது போலாகும்.

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அன்னிக்கு என் சூப் நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

நியாயமான கேள்வி. ஒரு வருடம் காத்திருந்த கேள்வி. யோசித்துப் பார்த்தேன். சூப்பின் ருசி நினைவில் இல்லை. அன்று நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியலைங்க," என்றேன்.

"நல்லா இருந்துச்சுங்க," என்றான் நெட்டை. எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் காது சிவந்தது. "இன்னொரு கிண்ணம் கேக்கலாம்னே இருந்தேன். அவ அப்படிச் சொன்னதும் வாய மூடிட்டேன். நம்ம நாக்குதான் மட்டமோன்னு நெனச்சேன்."

கடைக்காரர் உப்பு டப்பாவை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கால் சோர்ந்தவர் உட்காருவதுபோல. "என் சம்சாரம் தலைதலையா அடிச்சிக்கிட்டா," என்றார். "பழைய மாதிரியே பண்ணுங்கன்னு. நான்தான் கேக்கல. படிச்சவங்க சொல்றாங்கன்னேன்."

மச்சான் எழுதியதை எழுத்து எழுத்தாக அழித்தான். பிறகு பழைய பதிவைத் திறந்து கைப்பேசியை என் பக்கம் தள்ளினான்.

"நீயே எடு."

"உன் போன்ல இருக்கு."

"நீதானே எல்லாம் தெரிஞ்சவன். எடு."

அவள் எழுதியதில் கடைசி அதுதான். அதற்குப் பிறகு அவள் எழுதியது மருந்துச் சீட்டின் பின்னால் கீரை, சோப்பு என்று இரண்டு வார்த்தை. ஒரு முறை முழுவதும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். நீக்கவா என்று கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. தொட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது. அந்த இடத்தில் அதற்கு முந்தைய பதிவு மேலே ஏறி வந்தது, ஏதோ ஒரு கடையின் முட்டைப்பொரியல் பற்றி.

மச்சான் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பின்னால் போனேன். எதிரே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். அவன் வண்டியில் சாவியைப் போட்டுவிட்டுத் திருகாமல் நின்றான். என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"அன்னிக்கு அவளுக்கு வலி இருந்துச்சா?"

"இல்ல."

"இன்னும் பொய் சொல்லாத."

"வலி அப்புறம்தான்டா வந்துச்சு. அன்னிக்கு அவளுக்கு நல்ல பசி. உங்களோட சாப்பிடணும்னு காலைலேர்ந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல. எதையாவது ருசிச்சுச் சாப்பிட்டுடணும்னுதான் வந்தா."

அவன் தலைக்கவசத்தை மாட்டினான். வார் சரியாகப் பொருந்தவில்லை. நான் பூட்டிவிடப் போனேன். தட்டிவிட்டான். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு தானே பூட்டிக்கொண்டான்.

"கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட பேசாத," என்றான். "நானா வரேன். வராமலும் போவேன். கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

வண்டியைக் கிளப்பினான். பத்தடி போய் நிறுத்தி, திரும்பாமல் கத்தினான்.

"அந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேளு. நானும் கேட்டேன்னு சொல்லு."

அவன் தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றேன். பிறகு உள்ளே போய்க் கேட்டேன்.