முத்தையா கடைக் குழம்பில் என்ன இருக்கிறது?

என் மீன்தலைக் கறியில் என்ன சேர்க்கிறேன் என்பது என் மனைவி சந்திரமதிக்கே முழுதாகத் தெரியாது. மசாலா அரைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அணுகுண்டு செய்கிறவன்கூட அவ்வளவு பந்தா பண்ணமாட்டான். ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டில் நாலைந்து மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள அந்தக் குழம்பை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் கிடையாது.

சாப்பிட்டவர்கள், முந்திரி அரைத்து விட்டிருக்கிறார், அதனால்தான் இந்த மணம் என்று இணையத்தில் எழுதுவார்கள். நான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. லேசாகச் சிரிப்பேன், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். இரண்டு கடை தள்ளிப் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நூர்தீன் மட்டும் அடிக்கடி வந்து, குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, "முந்திரிதானே முத்தையா? சொல்லுலா" என்று நச்சரிப்பான். "கடை ரகசியம்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

இப்பேர்ப்பட்ட உத்தமன்தான் போன மாதம், மக்களுக்கு எல்லாம் வெளிப்படையாகத் தெரியவேண்டும் என்று போராடக் கிளம்பினேன்.

என்னை இழுத்துவிட்டது நிவேதிதா. தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்து, மார்சிலிங்கில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் தெருவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். மதியம் என் கடையில்தான் சாப்பாடு. இட்லி, இல்லாவிட்டால் ரசம் சாதம், அதைத் தாண்டமாட்டாள். அவள் அப்பா துரைசாமி ஊரில் தனியாக இருக்கிறார். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். கம்பெனிக்காரன் வழக்குப் போட்டால் என்னிடம் இருப்பது அந்த நாலைந்து மேசைதான்.

அந்த ஊரில் வயலுக்கு நடுவே ஆழமாகத் துளை போட்டு, தண்ணீரும் மணலும் ஏதேதோ ரசாயனமும் கலந்து அழுத்தி அடித்து, பாறையைப் பிளந்து கேஸ் எடுக்கிறார்கள். அது தொடங்கியதிலிருந்து துரைசாமி வீட்டுக் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை. அவர் கை காலெல்லாம் கொப்புளம்.

"டாக்டர் என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"தண்ணியில என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சாத்தானே மருந்து எழுத முடியும்கிறார் அங்கிள். கம்பெனியைக் கேட்டா தொழில் ரகசியமாம். அனுமதி குடுத்த ஆபீஸைக் கேட்டா, எங்களுக்குத் தெரியும், ஆனா வெளியில சொல்ல எங்களுக்கு உரிமை இல்லைங்கிறாங்க."

எனக்கு வந்ததே கோபம். "மனுஷன் வயித்துக்குள்ள போற பொருள்ல என்னம்மா ரகசியம்?" என்று மேசையில் ஓங்கித் தட்டினேன். எனக்குப் பின்னால் சமையலறைக் கதவு சாத்தித்தான் கிடந்தது. அது என் கண்ணில் படவில்லை.

அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இங்கே ஷென்டன் வே தெருவில் இருக்கிறது. சனிக்கிழமை காலை பொதுமக்களுக்கு விளக்கக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிவேதிதாவோடு போனேன். மேடையில் டை கட்டிய ஒரு கனவான் அழகான ஆங்கிலத்தில் பேசினார். சாரம் இதுதான்: "எது சேர்க்கணுமோ அதைத்தான் சேர்க்கிறோம். பல வருஷமா செய்றோம். யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை."

மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு, பிடுங்கினேன். "சார், நீங்க குடிக்கிற தண்ணியில என்ன இருக்குன்னு ஒருத்தன் சொல்லமாட்டேன்னா, அவன் உங்க அண்ணன் தம்பியா இருந்தாலும் விடுவீங்களா? சாப்பிடுறவனுக்குத் தெரியணும் சார்! அது அவன் உரிமை!" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. யாரோ படம் பிடித்தார்கள். கனவான், குறித்துக்கொண்டோம் என்றார். அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டு வாடகை வண்டி பிடித்துத் திரும்பினோம். வழியெல்லாம் நான் என் வீடியோவையே பார்த்துக்கொண்டு வந்தேன். சும்மா சொல்லக்கூடாது, சட்டை நன்றாக எடுப்பாக இருந்தது.

கடைக்கு வந்தால் ஒரே அமர்க்களம். வீடியோ எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. நூர்தீன் வெள்ளை ஜிப்பாவில் வந்து கட்டிப்பிடித்தான். "சிங்கம்லா நீ!" என்றான். தலை கிறுகிறுத்துவிட்டது எனக்கு. "இன்னிக்கு எல்லாருக்கும் மீன்தலைக் கறி, என் கணக்கு!" என்று அறிவித்தேன்.

நிவேதிதாவுக்கு நானே இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினேன். அவள் தயங்கினாள்.

"அங்கிள், இதுல வேர்க்கடலை எதுவும் கிடையாதுல்ல?"

நூர்தீன் காது விடைத்துக்கொண்டு நின்றான். கடை முழுக்க என்னையே பார்த்தது. நான் கண்ணாடியில் பழகிய அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.

"எது சேர்க்கணுமோ அதைத்தான் சேர்த்திருக்கேன்மா. பல வருஷமா போடுறேன், யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை. தைரியமாச் சாப்பிடு."

டை ஒன்றுதான் குறைச்சல்.

அவள் சிரித்துவிட்டாள். சற்று முன்புதானே அவளுக்காக நான் மைக்கைப் பிடுங்கியிருந்தேன், என்னை நம்பாமல் யாரை நம்புவாள்? சோற்றைப் பிசைந்துகொண்டே பக்கத்திலிருந்த சந்திரமதியிடம், "கேட்டுக்கிறது நல்லது ஆன்ட்டி. கடலை கொஞ்சம் உள்ள போனாலும் எனக்குத் தொண்டை அடைச்சிரும். போன வருஷம் ஆம்புலன்ஸ்லதான் போனேன்" என்றாள்.

கவளம் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்த நினைப்பு அவள் உயிரைப் பற்றியது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. 'ஐயோ, நூர்தீனுக்குத் தெரிந்துவிடுமே' என்பதுதான் முதலில் வந்தது. அதற்கு அப்புறம்தான் அவள். சீ, என்ன ஜென்மம் நான்.

பாய்ந்து அவள் கையை ஓங்கித் தட்டினேன். கவளம் பறந்தது. இலை கவிழ்ந்தது. பாதிக் குழம்பு அவள் மடியில், மீதி நூர்தீனின் வெள்ளை ஜிப்பாவில்.

"கடலை!" என்று கத்தினேன். "கடலைதான்! வறுத்து அரைச்ச வேர்க்கடலை! முந்திரி ஒண்ணுகூடக் கிடையாது! சாப்பிடாதம்மா, வாயில ஏதும் பட்டுதா? துப்பு, துப்பு!"

படவில்லை. சந்திரமதி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

நூர்தீன் வாயைப் பிளந்தபடி நின்றான். "கச்சாங்கா? வெறும் வேர்க்கடலையா? உன் ருசி வரணும்னு நான் முந்திரியா வாங்கிக் கொட்டி அரைச்சுக்கிட்டிருக்கேன்லா, பாவி!" கடையே சிரித்தது. இதையும் யாரோ படம் பிடித்திருந்தார்கள். காலையில் வந்த வீடியோவைவிட இதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக் கதவைத் திறந்து, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தேன். வேறு தட்டில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போய் நிவேதிதா முன்னால் வைத்தேன். அவள் கேட்காமலே, "புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், கொத்தமல்லி, நல்லெண்ணெய். வேற எதுவும் இல்லம்மா, சத்தியமா" என்றேன். என் குரல் எனக்கே பிச்சைக்காரன் குரல்போலக் கேட்டது.

"மன்னிச்சிரும்மா."

"பரவாயில்ல அங்கிள். நல்லவேளை, நீங்க பக்கத்துலயே இருந்தீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் ரசம் சாதத்தைப் பிசைந்தாள். இடது கையால் போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் அப்பாவை அழைத்தாள். நடந்ததை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றது துரைசாமியின் குரல்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்பா. நீங்க?"

"இப்பத்தான் கஞ்சி வச்சேன். குடிக்கப் போறேன்."

"எந்தத் தண்ணியிலப்பா வச்சீங்க?"

"நம்ம கிணத்துத் தண்ணிதாம்மா. லாரித் தண்ணி நாலு நாளா வரல. வேற ஏது?"

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. நிவேதிதா என்னைப் பார்த்தாள். கவளத்தைத் தட்டிவிட்ட என் கை தன்னால் மேசையைத் தாண்டி நீண்டது. அங்கே போன் மட்டும்தான் இருந்தது.