அபூ மித்ரி தொடாத ஒயின்

"பன்னிரண்டு வருஷம் பீப்பாயிலயும் புட்டியிலயும் தூங்க வச்ச ஒயின். உங்க வாய்க்கு இது ஆகலையா?" நக்லேயின் குரல் வாசல் தாண்டித் தோட்டம்வரை கேட்டது.

"ஆகலைன்னு நான் சொன்னேனா? கேக்க வேண்டியதை நீங்க கேளுங்க, நான் குடிக்கிறேன்," என்று அபூ மித்ரி மேஜையைத் தட்டினார்.

"எதைக் கேக்கணும்? கையெடுத்துக் கும்பிட்டுக் குடிங்கன்னு கேக்கணுமா?"

ஒடெட் கவுண்டருக்குப் பின்னால் நின்று கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறுவடை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முதுகு இன்னும் நிமிரவில்லை. காலையில் பெய்ரூத்திலிருந்து வந்த இரண்டு வண்டிக் கூட்டத்துக்கு ஊற்றிக் கொடுத்து, மிளகு வாசனை தெரிகிறதா என்று எல்லோரையும் கேட்டு, தெரியாதவர்களும் தெரிகிறது என்று சொன்னதைக் கேட்டு, அவர்கள் ருசி பார்த்துத் துப்பிய சட்டியைக் கழுவி வைத்திருந்தாள். பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு இதுதான். சிரிப்பதற்குக்கூடத் தாடை வலித்தது.

ஸஹ்லே ஊருக்கு மேலே இருக்கும் அந்தத் திராட்சைத் தோட்டம் அவள் அப்பா நக்லேயுடையது. எதிரே மீசையோடு உட்கார்ந்திருந்த அபூ மித்ரி ஸஹ்லேயில் இரும்புக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். பக்கத்தில் ஒடுங்கிப்போய் இருந்தவன் அவருடைய அண்ணன் மகன் கைஸர், பல் டாக்டர், வயது நாற்பத்து மூன்று. மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் வந்து ருசி பார்த்துவிட்டு ஒரு புட்டி சிவப்பு ஒயின் வாங்கிக்கொண்டு போனான். சோம்புச் சாராயமான அரக் தவிர வேறெதையும் தொடாத குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தனை ஒயின் எதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நக்லே மட்டும் தன் ஒயினின் அருமை தெரிந்த ஒருவன் கடைசியில் கிடைத்தான் என்று நினைத்துக்கொண்டார். முப்பத்தொன்பது வயது மகளைப் பெண் கேட்டு யாராவது வருவார்கள் என்ற எண்ணமே அவரிடமிருந்து எப்போதோ போய்விட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கைஸருக்குக் கடற்கரை ஊரான ஜுபைலில் வேலை. பெண் கேட்டு வருவதானால் பெரியவர் ஒருவரோடு முறையாக வா, திருட்டுத்தனமாக ஓடிவரும் வயது எனக்குப் போய்விட்டது என்று ஒடெட் அவனிடம் சொல்லியிருந்தாள். இன்று தவறினால் அவன் கடற்கரைப் பக்கம் போய்விடுவான், அவள் கவுண்டருக்குப் பின்னாலேயே நிற்பாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண் கேட்கப் போகிற வீட்டில் பெரியவர் தன் முன் வைத்த காபியைத் தொடமாட்டார். வீட்டுக்காரர் அதைக் கவனித்து, "என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். இவர் சொல்ல வேண்டும். "கேட்டது கிடைச்சாச்சு, குடிங்க" என்று பதில் வந்த பிறகே காபி உள்ளே போகும். முப்பது சம்பந்தம் பேசி முடித்த அபூ மித்ரி ஒருதடவைகூடத் தானாக வாய் திறந்ததில்லை என்று பெருமை பேசுகிறவர். இந்த வீட்டில் காபி எங்கே வருகிறது? ஒயின் வந்தது. ஆகவே அவர் ஒயினைத் தொடவில்லை.

முதலில் நக்லே இளசாக ஒன்று ஊற்றியிருந்தார். அடுத்து மிளகு வாசனைக்காரன். மூன்றாவதாகக் கருங்காலி நிறத்தில் ஒன்று. நான்காவது, யாருக்கும் திறக்காத அந்தப் பன்னிரண்டு வருஷப் புட்டி. நாலு கிளாஸும் அபூ மித்ரி முன்னால் தளும்பாமல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நக்லேயின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டே போனது.

"கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க," என்றார் நக்லே.

சண்டையைத் தணிக்கலாம் என்று கைஸர் கிளாஸை நோக்கிக் கை நீட்டினான். சித்தப்பா அந்தக் கையில் ஒரு அடி போட்டார். "குடிச்சா வெறும் விருந்தாளிடா நீ," என்று பல்லைக் கடித்தார்.

ஒடெட்டுக்குப் போதும் என்றாகிவிட்டது. கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். துணியைப் போட்டுவிட்டுக் கவுண்டரைச் சுற்றி வந்து, நாலாவது கிளாஸை எடுத்து அபூ மித்ரியிடம் நீட்டினாள்.

"குடிங்க மாமா. நீங்க கேக்க வந்தது கிடைச்சாச்சு."

"இதை உங்க அப்பால்ல சொல்லணும்?"

"அவர் சொல்றதுக்குள்ள இது வினிகராயிடும்."

நக்லே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன கேக்க வந்தாங்க?"

"என்னைத்தான்பா."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "இவன் அரக் குடிக்கிறவனாச்சே," என்றார். பிறகு குரல் இறங்கி, "ஞாயித்துக்கிழமை யார் ஊத்துவாங்க?" என்றார். ஒடெட், ஒயின் வாங்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். நக்லே சுவரைப் பார்த்தபடியே, "கிடைச்சாச்சு, குடிங்க," என்றார்.

அபூ மித்ரி ஒரே மடக்கில் குடித்தார். பன்னிரண்டு வருஷம் நாலு விநாடியில் போனதைப் பார்த்து நக்லே கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரியில், ஆண்டவரின் ஞானஸ்நானத் திருநாள் கழிந்த வாரம் கல்யாணம். ஒடெட் ஜுபைலுக்குப் போனாள். முதல் மாதம் முழுக்கத் தூங்கினாள் என்று கேள்வி. அவளுக்குப் பதிலாக ஊற்றிக் கொடுக்க வந்த, பாலாடைக்கட்டிக் கடை வைத்திருந்த தமாம் என்ற விதவையை இரண்டு வருஷம் கழித்து நக்லே கட்டிக்கொண்டார். கோயிலில் அவளுடைய மூன்று பிள்ளைகளும் கடைசி வரிசையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவன் மறு வாரமே கனடாவுக்குக் கிளம்பினான்.