கை சுத்தம்

ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதாக ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். சுதர்சனம் வடிதாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கிளைசினுக்கு ஒரு ஊதாப் பொட்டு, அலனினுக்கு ஒரு ஊதாப் பொட்டு. அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. செரின் வரக்கூடிய இடத்தில் இன்னொரு பொட்டு, மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். போன தடவையும் இதே கதைதான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் அது. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முத்துக்குளிப்பு நடந்து அதைவிட எத்தனையோ வருஷம். கடலடிப் பாறைகளில் சிப்பி ஏன் தங்குவதில்லை என்று கண்டுபிடிக்கச் சர்க்கார் அந்தக் கூடத்தைப் போட்டிருந்தது. சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ள மெல்லிய நார் விடும். அந்த நார் புரதம். புரதம் என்றால் கிளைசின், அலனின், செரின் போன்ற அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக இருப்பது. பந்தியில் யாருக்குப் பக்கத்து இலை யாருக்கு என்று பார்க்கிற மாதிரி, அந்த வரிசையில் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது சுதர்சனத்தின் உத்தியோகம். நாரை அமிலத்தில் அரைகுறையாக வேகவைத்தால் இரண்டிரண்டாக உடையும். ஒரு ஜோடியைத் தனியே பிரித்து, அதையும் உடைத்து, தாளில் ஏறவிட்டு, நின்ஹைட்ரின் மருந்து தெளித்துச் சூடு காட்டினால் யார் யார் அடுத்தடுத்து இருந்தார்கள் என்று ஊதா நிறத்தில் தெரிந்துவிடும். ஜோடி என்றால் இரண்டு பேர். மூன்றாவது ஆள் வந்தால் எங்கேயோ அழுக்கு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நார் எடுத்துக் கொடுக்கிறவள் கிரேசி. கடற்கரைத் தெருப் பெண், பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். சிப்பியைத் திறந்து, நாரை அறுத்து, அலசி, கண்ணாடித் தட்டில் வைத்துத் தருவாள். சிப்பிக்குள் எப்போதாவது கடுகு போல முத்து அகப்பட்டால் அது சூப்பரண்டு பால்துரையின் புட்டிக்குப் போகும். ஸ்ரீவைகுண்டத்து ஐயங்காரான சுதர்சனம் சிப்பிச் சதையைத் தொடமாட்டார். அலசி வந்த நாரோடு அவர் வேலை ஆரம்பிக்கும். இந்த ஏற்பாட்டுக்கு கிரேசி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வரப்போகிற சமயம். பால்துரை வந்து மேஜையருகே நின்றார்.

"என்ன சுதர்சனம், முடிஞ்சுதா இல்லியா? அவரு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

சுதர்சனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபம் யார்மேல் போகலாம் என்று ஒரு கணம் தேடிவிட்டு, சுலபமான இடத்தில் போய் இறங்கியது.

"நான் என்ன சார் பண்றது? கிரேசிக்குக் கை சுத்தமில்லை."

சதைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது, சரியாக அலசவில்லை, அவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது. அதையே சொல்லித் தொலைத்திருக்கலாம். மீன் தின்னும் கை என்கிற ஓர் இளக்காரமும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. கேட்டால் சத்தியம் பண்ணி மறுத்திருப்பார். ஆனால் பால்துரை கேட்டது இந்த இரண்டையும் அல்ல. முத்து கிடக்கிற ஊரில், சிப்பி திறக்கிற பெண்ணுக்குக் கை சுத்தமில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சாயங்காலம் கிரேசியின் முக்காலி காலியாக இருந்தது. "வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்றார் பால்துரை. இதற்குப் போய் வேலையை விட்டே எடுப்பார்களா என்று சுதர்சனத்துக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

மறுநாள் காலை வாசல் காவல்காரன் மாடக்கண்ணு அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"எத்தனை முத்து எடுத்தாளாம் சார்? நம்ம கிரேசிப் புள்ளையா இப்படின்னு ஊரே பேசுது."

 தான் சொன்ன சொல் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் சுதர்சனத்துக்குப் புரிந்தது. முத்தும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை அந்த மனுஷன். சொன்னால் பால்துரையிடம் போய் விளக்க வேண்டும். வாயை அளந்து பேசத் தெரியாதா என்று அவர் கேட்பார். "அதெல்லாம் ஆபீஸ் சமாசாரம்ப்பா" என்று முனகிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

வாரக் கடைசியில், கருவிகளைச் சோதித்து வைக்கலாமென்று, நாரே இல்லாமல் வெறும் தண்ணீர்ச் சொட்டு வைத்து ஒரு தாளை ஏறவிட்டார். மருந்து தெளித்துச் சூடு காட்டினார். தாள் வெள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் செரினின் இடத்தில் அதே பொட்டு எழும்பி வந்தது. தாளின் ஓரத்தில் வரிவரியாக ஊதா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையும் தெரிந்தது. தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது.

தாளை வெட்டியவர் அவர். மாட்டியவர் அவர். மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கை அலம்பிக்கொண்டு வந்து, தூத்துக்குடி வெயிலில் வேர்த்த விரல்களால் தொட்டவரும் அவரே. வேர்வையில் அதிகம் இருக்கிற அமினோ அமிலம் செரின்தான். சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்குமென்று ஹேமாம்புஜம் அதை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. மனைவியின் அந்த ஆசாரத்தை அவர் ஆபீசிலும் காப்பாற்றி வந்தார். கிரேசி மட்டும் ஒவ்வொரு தடவையும் கார்பாலிக் சோப்பில் முழங்கைவரை தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அவரே போட்ட உத்தரவு.  பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டார்.

பால்துரையிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கேட்ட பால்துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சுதர்சனம் உளறுதிய? முத்து எடுத்தேன்னு அவளே ஒத்துக்கிட்டாளே!"

கடற்கரைத் தெருவில் கதவைத் திறந்தவள் கிரேசியின் அம்மா. "ஏளா, உங்க ஆபீசு ஐயரு வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் ஒதுங்கி நின்றாள். கிரேசி வந்தாள். ஒரு வாரத்தில் முகம் வற்றிப்போயிருந்தது.

"எடுக்காததை எடுத்தேன்னு ஏன் சொன்னே?" என்றார் சுதர்சனம்.

"நீங்க பொய் சொல்ல மாட்டியன்னு எனக்குத் தெரியும் சார். சேலை மடிப்பு, கொண்டை, எல்லாத்தையும் உதறிப் பார்த்தேன். ஒண்ணுமில்ல. இருந்தாலும் நகத்துக்குள்ள பொடி முத்து ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வந்து எங்கனயாவது விழுந்திருக்கும்னு நினைச்சேன். நீங்க பார்க்காமலா சொல்லுவிய? சூப்பரண்டு ஐயா போலீசு போலீசுன்னாரு. ஆமா ஐயான்னுட்டேன்."

 அவள் திட்டியிருந்தால் சுதர்சனம் தாங்கியிருப்பார். தட்டுத்தடுமாறி வேர்வையையும் தாளையும் பற்றிச் சொன்னார். "அழுக்கு உன் கையிலே இல்லை, கிரேசி. என் கையிலே."

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். காரச் சோப்பில் தோல் வெடித்திருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாதா கோயில் வாசல்ல ஊரு பூரா நிக்கும். அங்கன வந்து சொல்லுவியளா?"

"சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவிய? இப்பவே சொல்லிக் காட்டுங்க."

"தவறு நடந்துபோச்சு... நான் சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுண்டுட்டா..."

கிரேசி தலையை ஆட்டினாள். "வேண்டாம் சார். பெரிய மனுசன் இரக்கப்பட்டு மூடி மறைக்காருன்னுதான் பேசும் ஊரு. பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"நான் பொய் சொல்லலையே!"

"முத்துன்னு ஊரு பேசுனது உங்க காதுல என்னைக்கு விழுந்துச்சு?"

மாடக்கண்ணு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்ட அந்தக் காலை அவருக்கு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் திருமண்ணோடு கோயில் வாசலில் வந்து நின்ற ஐயங்காரைப் பார்த்துக் கூட்டம் பேச்சை நிறுத்தியது. கிரேசி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். "கிரேசி எதையும் எடுக்கலை" என்றார் சுதர்சனம். "நான் பொய் சொன்னேன்."

"என்ன சொல்லுதாரு? கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"நான் பொய் சொன்னேன்!" என்று கத்தினார் சுதர்சனம். முதல் தடவை அவள் கேட்டாளே என்று சொன்னார். இரண்டாம் தடவை சொன்னபோது அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.